2000-க்குள் வரும் என்று சொன்னார்களே: அந்தக் கணக்கைக் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் முறை

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் குமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் சொல்வார்கள். பறக்கும் கார், முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கும் எந்திரம், சமைத்துப் பரிமாறும் ரோபோ, ஒரு மாத்திரை போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு, நிலாவில் குடியிருப்பு, முகம் பார்த்துப் பேசும் போன். எல்லாமே 2000-க்குள் வந்துவிடும் என்றார்கள். 'அறிவியல் ஆக்கத்திற்கா அழிவிற்கா' என்று மேடையேறிப் பேசாத பிள்ளை எங்கள் பக்கம் குறைவு, அதில் ஆக்கம் பேசியவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலைத்தான் ஒப்பித்தார்கள்.

இன்று வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ஒருவர் 'எல்லாம் சும்மா சொன்னது' என்பார், இன்னொருவர் மொபைலைத் தூக்கிக் காட்டி 'எல்லாம் இதுக்குள்ள வந்தாச்சே' என்பார். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. எதை யார் யாருக்குச் சொன்னார்கள், எது யார் வீடு வரைக்கும் வந்தது, வராதது ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் கிடைப்பது வேறு. அதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன். இதைச் செய்ய ஒரு நோட்டும், பொறுமையும், வீட்டுப் பெரியவர்களும் வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

ஆட்களைச் சேர்ப்பது

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் சமயம்தான் நல்லது. வளைகுடாவில் இருப்பவர்கள் லீவில் வந்திருப்பார்கள், சென்னை பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். மூன்று தலைமுறை இருந்தால் கணக்கு நன்றாக வரும். ஆனால் வயதை விட முக்கியம், ஆட்கள் எந்த வேலை செய்தவர்கள் என்பது. அடுப்படியிலேயே காலம் போனவர் ஒருவர், கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போய் வந்தவர் ஒருவர், ரப்பர் வெட்டியவரோ முந்திரி ஆலையில் இருந்தவரோ ஒருவர், பள்ளியில் படிக்கிற பிள்ளை ஒன்று. ஆண்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் பட்டியல் ராக்கெட்டிலும் காரிலும் நின்றுவிடும், பாதிக் கணக்கு விடுபட்டுப் போகும்.

ஒரே மாலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். சாயா போட்டு, பழம்பொரி வைத்து, பேச்சு தானாகக் கிளம்பட்டும். ஒருவர் எழுதட்டும், எழுதுகிறவர் நடுவில் திருத்தம் சொல்லவே கூடாது.

வாக்குறுதியைத் தேதியோடு எழுதுவது

'பறக்கும் கார் வரும்னு சொன்னாங்க' என்பதை அப்படியே எழுதிவைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. யார் சொன்னது, எங்கே கேட்டது, எந்த வருஷம்? இந்த மூன்றும் வேண்டும். அந்த வருஷம்தான் ஞாபகத்துக்கு வராது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வருஷத்தைக் கேட்காமல், அப்போது எந்த வீட்டில் குடியிருந்தீர்கள், வீட்டில் கரண்டு வந்திருந்ததா, பாட்டா (தாத்தா) உயிரோடு இருந்தாரா, தம்பி பிறந்திருந்தானா என்று கேளுங்கள். இரண்டு மூன்று பதிலிலேயே வருஷம் அகப்பட்டுவிடும்.

பொது நிகழ்ச்சிகளையும் ஆணியாக வைத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979. ரோகிணி செயற்கைக்கோளை எஸ்எல்வி-3 ராக்கெட் கொண்டு போனது 1980 ஜூலை. ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனது 1984 ஏப்ரல். அதே 1984 அக்டோபர் 30-இல் நாகர்கோவில் வானொலி நிலையம் தொடங்கியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. ஊர்ப் பெயரும் ஊர்க்காரர் குரலும் ரேடியோவில் வந்த அந்த நாளைச் சொல்லிக் கேட்டால் பெரியவர்கள் முகமே மாறும். எதிர்காலம் முதலில் நம் ஊருக்கு வந்த சந்தர்ப்பங்களில் அது ஒன்று, நோட்டில் அதற்கு ஒரு பக்கமே ஒதுக்கலாம். டிவியைப் பற்றிக் கேட்கும்போது ஆண்டெனாவையும் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் திருவனந்தபுரம் தூர்தர்ஷனின் மலையாளம்தான் முதலில் தெளிவாகக் கிடைத்தது, கடற்கரை ஊர்களில் சில நாள் இலங்கை ரூபவாகினியும் விழும், ஒருவர் மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்ப இன்னொருவர் கீழிருந்து 'இன்னும் கொஞ்சம்' என்று சத்தம் போடுவார். எதிர்காலத்தைப் பற்றிய பல படங்களை அந்தப் புள்ளிபுள்ளித் திரையில்தான் பார்த்தோம்.

காகிதச் சான்று கிடைத்தால் விடாதீர்கள். பழைய தகரப் பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாள், பள்ளிக் கட்டுரை நோட்டு, பேச்சுப் போட்டிக்கு அப்பா எழுதிக் கொடுத்த தாள், பைண்டு செய்த சிறுவர் இதழ்கள் எல்லாம் சான்றுதான். வீட்டில் இல்லையென்றால் நூலகத்தில் கேளுங்கள், பழைய பேப்பர் கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த வகை என்று குறியுங்கள். ஓவியர் கற்பனையில் வரைந்ததா, யாரோ உண்மையில் ஒன்றைச் செய்து காட்டியதா, அரசாங்கம் திட்டமாக அறிவித்ததா? மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டினால்தான் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற எண்ணம் வருகிறது. நிலாவில் மாடிவீடு கற்பனை. முதுகில் மாட்டும் பறக்கும் எந்திரமோ உண்மையிலேயே பறந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் தோரியம் என்ற உலோகத்தை வைத்து அணுமின்சாரம் எடுப்பது நாட்டின் அதிகாரபூர்வத் திட்டம். மூன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு வேறு.

வராதவற்றின் காரணத்தைத் தேடுவது

இந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் வேலையைக் கொடுங்கள். ஒவ்வொன்றும் ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்து நாலு வரி எழுதட்டும். 'காசு இல்ல', 'சதி' என்பதெல்லாம் செல்லாது, கணக்கு வேண்டும்.

சாப்பாட்டு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள், காகிதத்திலேயே தீர்ந்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,000 கலோரி வேண்டும். உணவில் அதிக சக்தி அடங்கியது கொழுப்பு, அதிலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். வெறும் எண்ணெயாகவே விழுங்கினாலும் நாளைக்கு 220 கிராமுக்கு மேல் போக வேண்டும், மூன்று வேளையாகப் பிரித்தாலும் வேளைக்கு எழுபது கிராமுக்கு மேல். எந்த மாத்திரையில் இது அடங்கும்? இதைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு இன்னொன்றும் புரியும்: இந்த வாக்குறுதி அன்றைக்கே பொய் என்று எட்டாம் வகுப்புப் பாடத்தை வைத்தே சொல்லியிருக்கலாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருக்கிற மாவட்டத்தில் இந்த மாத்திரைக்கு யாரும் பெரிதாக ஏங்கவில்லை என்பதால் இதோடு விடுவோம்.

பறக்கும் எந்திரத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் உண்மையிலேயே நம்பியது அதைத்தான். அமெரிக்காவில் பெல் நிறுவனம் செய்த அந்தக் கருவி 1961 ஏப்ரலில் முதல் தடவை கயிற்றுப் பிடிமானம் இல்லாமல் பறந்தது, 13 வினாடி. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒருவர் அப்படிப் பறந்து மைதானத்தில் இறங்கினார், உலகமே பார்த்தது. ஆனால் அந்தக் கருவியால் அதிகபட்சமாகப் பறக்க முடிந்தது இருபது வினாடி அளவுதான். காரணம் எளிது. விமானத்துக்கு இறக்கை இருக்கிறது, ஓடும்போது காற்றே அதைத் தாங்குகிறது. இறக்கை இல்லாத ஆளை அந்தரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் அவருடைய எடை முழுவதையும் ஒவ்வொரு வினாடியும் எரிபொருள்தான் தாங்க வேண்டும். அதிக நேரம் பறக்க அதிக எரிபொருள் வேண்டும், அதிக எரிபொருள் என்றால் அதிக எடை, அதைத் தூக்க மேலும் எரிபொருள். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் கிளம்பினால் பக்கத்துத் தெருவைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். இதைப் பிள்ளையிடம் சொல்லும்போது படத்தில் பார்த்தவர் பொய்யில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் நிஜமாகவே பறந்தார். அந்த இருபது வினாடியைப் படம் பிடித்துக் காட்டியவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று காட்டவில்லை, அவ்வளவுதான். பறக்கும் கார்களுக்கும் இதே சிக்கல்தான், கூடவே சத்தமும் விலையும். அதற்கு மேல் நம் ஊர்த் தெருவில் தென்னையும் மின்கம்பியும் வேறு.

நிலாவுக்குத் தொடர்ந்து போகாததற்குக் காரணம் பொறியியல் இல்லை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 போய் வந்தது, அதற்குப் பிறகு அங்கே மனிதக் கால் படவில்லை. அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இருந்த போட்டி முடிந்தது, பணம் கொடுக்கிற மனசும் முடிந்தது. முடியும் என்று நிரூபித்த பிறகும் நின்றுபோன காரியங்கள் உண்டு என்று இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோரியம் நம் சொந்தக் கதை, அதனால் வெளியாட்கள் எழுதியதை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள். 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் என்ற, தோரியம் அடங்கிய கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது அது எதற்கு வேண்டியிருந்தது தெரியுமா? விளக்கு எரிக்க. கேஸ் விளக்கில், பெட்ரோமாக்ஸில் வெள்ளை வெளிச்சம் கொடுக்கிற மேண்டில் தோரியம் சேர்த்துச் செய்தது. கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் தூக்கி வைத்த ஞாபகம் இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் வியந்துபோவார்கள், நம் கடற்கரை மணலின் முதல் எதிர்காலம் அந்த மேண்டிலில் எரிந்தது. இரண்டாவது எதிர்காலத்தை 1950களில் அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்தார். மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் கடைசிக் கட்டம் தோரியம். கல்பாக்கத்தில் காமினி என்ற சின்ன ஆராய்ச்சி உலை, தோரியத்திலிருந்து செய்த யுரேனியம்-233-இல் 1996 முதல் ஓடுகிறது, 30 கிலோவாட் திறன். மூன்றாம் கட்டம் ஊருக்கு மின்சாரம் தரும் அளவுக்கு இன்னும் வரவில்லை. மணல் எடுப்பதற்குக் கரையோர மக்கள் எதிர்ப்புச் சொல்வதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். திட்டம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கலாம், மணல் யார் வாசலில் இருக்கிறதோ அவர்கள் சொல்லையும் கேட்காமல் அந்தப் பக்கம் நிறையாது.

வந்துவிட்டதை இழுத்துப் பார்ப்பது

வந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வது முகம் பார்த்துப் பேசும் போன். இதன் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டுங்கள். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்ட் டி நிறுவனம் பிக்சர்போன் என்று செய்து காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் விற்பனைக்கே வந்தது, மாதம் 160 டாலர். எடுபடவில்லை. விலை ஒரு காரணம், எதிர்ப்பக்கம் யாரிடமும் அந்தப் பெட்டி இல்லாதது இன்னொரு காரணம்.

எங்கள் வீடுகளில் இந்தத் தேவை அன்றைக்கே உயிர் போகிற தேவையாக இருந்தது, அதற்கு டேப் ரெக்கார்டரைப் பயன்படுத்தினார்கள். துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போனவருக்குக் கடிதம் எழுதத் தெரியாத அம்மா கேசட்டில் பேசி, லீவில் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் அப்படிப் பதிவு செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு எல்லோரும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மா முதலில் ஒன்றும் பேச மாட்டார், பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார், யாராவது முழங்கையால் இடித்த பிறகு 'மக்ளே, சாப்பிட்டியா' என்று ஆரம்பிப்பார். கோழி கூவுவது, பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது எல்லாம் அதில் விழும், யாரும் அழிக்க மாட்டார்கள். அங்கே இருக்கிறவர் அந்தக் கோழிச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். பதில் கேசட் வர மாதங்கள் ஆகும்.

இன்று அதே வீட்டில் வீடியோ கால். இதில் என்ன எழுத வேண்டும் என்றால், எந்த வருஷம் முதல் கால் வந்தது, யாருடைய போனில், மாதம் எவ்வளவு செலவு, அன்று முதல் கடிதம் நின்றதா. இன்னொன்றும் கேளுங்கள், தடை எதுவும் உண்டா என்று. அமீரகத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், அங்கே வெகுகாலமாக வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, செய்தி அனுப்பலாம், பேச வேண்டுமென்றால் போட்டிம் மாதிரி அங்கே அனுமதி பெற்ற செயலி வேண்டும். கருவி வந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்த நாடும் விட வேண்டும் என்பது எந்தச் சிறுவர் இதழின் படத்திலும் இல்லை. உங்கள் வீட்டுப் போன் கதையில் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும்.

படத்தில் இல்லாதவர்களிடம் கேட்பது

இனிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்தக் கணக்கையே நான் இதற்காகத்தான் செய்யச் சொல்கிறேன்.

அந்தப் பழைய எதிர்காலப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கோட் போட்ட ஒரு அப்பா பறக்கும் காரில், கண்ணாடி வீடு, பொத்தான் அமுக்குகிற ஒரு அம்மா. நம் ஊர் ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். மீன் கூடை தூக்குகிறவர் இல்லை, பனையேறுகிறவர் இல்லை, விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர் இல்லை. அவர்களிடம் யாரும் 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்காமலே வரைந்த எதிர்காலம் அது. இப்போதாவது கேளுங்கள்: 'அந்தக் காலத்துல என்ன வந்தா நல்லாருக்கும்னு நெனச்சீங்க?'

எங்கள் பெரியம்மா யோசிக்கவே இல்லை. 'ஊதாம எரியுற அடுப்பு' என்றார். மழைக்காலத்தில் ஈரக் கொதும்பும் ஈர மடலும் வைத்து, ஊதாங்குழலில் ஊதி ஊதிக் கண் சிவந்து, புகையில் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு விடியக்காலை கஞ்சிக்கு உலை வைத்தவர். அதற்குப் பிறகு ஆட்டுரலில் மாவு. ஒரு கையால் குழவியைச் சுற்றவும் மறு கையால் மாவை உள்ளே தள்ளவும் வேண்டும், கவனம் பிசகினால் விரல் நசுங்கும். வலது கைப் பெருவிரல் அடியில் காய்ப்பு இன்றைக்கும் இருக்கிறது, தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி. அவருக்கு எதிர்காலம் வந்தது கேஸ் சிலிண்டர் வந்த நாளில். எந்த மாதம், என்ன கிழமை, யார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள், முதலில் என்ன சமைத்தது என்று எல்லாம் சொன்னார். சாயாதான் போட்டாராம், வீட்டில் இருந்த எல்லோரும் சுற்றி நின்று அந்த நீலத் தீயைப் பார்த்தார்களாம்.

2011-இல் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததை அதே பக்கத்தில் எழுதுங்கள். அதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுவோர் நிறைய. ஆட்டுரலில் மாவாட்டிய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படிப் பேச முடியாது என்றே நான் நினைக்கிறேன். சமைக்கும் ரோபோ என்று நமக்குச் சொன்னார்களே, அந்த ரோபோ குறைக்க வேண்டிய பாரத்தில் பெரும்பங்கை இந்த மூன்று சாமான்களும் கேஸ் அடுப்பும் மோட்டார் தண்ணீரும்தான் இறக்கி வைத்தன.

அப்புறம் எந்த வேலைக்கு இன்னும் எதுவும் வரவில்லை என்று கேளுங்கள். ரப்பர் மரத்தின் பட்டையை இன்றும் கையால்தான் கத்தி வைத்துச் சீவுகிறார்கள், ஆழம் கொஞ்சம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. தென்னையில் காலால் மிதித்து ஏறும் கருவி வந்துவிட்டது, அதனால் ஏறத் தெரியாதவரும் ஏறுகிறார். பனைக்கு அவ்வளவு நடக்கவில்லை. முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண்களின் உள்ளங்கையைப் பாருங்கள், ஓட்டிலிருந்து வழிகிற எண்ணெய் பட்டுத் தோல் கறுத்திருக்கும். ஆலைகளில் எந்திரம் வந்தபோது கை காப்பாற்றப்பட்டதா, கூலி போனதா, இரண்டுமா என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

கடல் பக்கம்

கடற்கரைக் குடும்பமானால், அல்லது கடற்கரையில் சொந்தமோ சிநேகமோ இருந்தால், ஒரு பக்கம் கடலுக்கு வேண்டும். கேட்கும் முன் அனுமதி கேளுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் ஆளை இழந்த வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய, பேச மனமில்லை என்றால் அதோடு விட்டுவிடுவதுதான் முறை.

'உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் பேசலாம்' என்பது அந்தக் காலத்து வாக்குறுதிகளில் பழையது. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும் மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945-இல் எழுதிவிட்டார். கேரள எல்லையைத் தாண்டினால் தும்பா, இந்தியா தன் மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை 1963 நவம்பர் 21-இல் விட்ட இடம். நம் எல்லையை ஒட்டி மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வாரக் கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கிறார்கள். படகில் இருக்கிற விஎச்எஃப் வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர் எட்டும். மொபைல் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது 30-ஆம் தேதி காலையில் புயல். எச்சரிக்கை சொன்னபோது அவர்கள் ஏற்கனவே ஆழ்கடலில். மேலே செயற்கைக்கோள் அந்தப் புயலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது, கீழே படகில் இருந்தவருக்கு ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை.

இதை எழுதும்போது எது மாறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மாறியிருக்கிறது. 2004 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டுக்குப் பிறகு 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. ஒக்கிக்குப் பிறகு 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது, செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் படகுக்கு வரும், ஆனால் படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. அதற்குப் பின் இருவழிச் செய்திக் கருவிகளைப் படகுகளில் பொருத்துகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த படகில் இருக்கிறதா, வேலை செய்கிறதா, பழுதானால் எங்கே சரிபார்க்கிறார்கள், வள்ளம் என்கிற சிறு படகில் போகிறவருக்கு என்ன இருக்கிறது என்று துறைமுகத்தில் நேரில் கேளுங்கள். 'வந்துவிட்டது' என்று எழுதும் முன் கடைசிப் படகு வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு முழுவதற்கும் இதுவே என் அளவுகோல்.

யாரும் சொல்லாமலே வந்தவை

இதற்கும் சில பக்கம் விடுங்கள், சந்தோஷமான பக்கங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றைப் பெரியவர்கள் கூரை ஓட்டைப் பறக்கவிடும் காற்றாகத்தான் பார்த்தார்கள். தொண்ணூறுகளில் அங்கே காற்றாலைகள் வரிசையாக எழும்பின, முப்பந்தல் பகுதி இன்று சுமார் 1,500 மெகாவாட். இது வரும் என்று எங்களுக்கு ஒரு ஆசிரியரும் சொன்னதில்லை. சரக்கல்விளையில் பிறந்து தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்த கே. சிவன் 2018-இல் இஸ்ரோ தலைவரானார், 2025 ஜனவரியில் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் அதே பொறுப்புக்கு வந்தார். ராக்கெட் வரும் என்று சொன்னவர்கள், அதை நடத்துகிறவர் நம் பக்கத்து விளையிலிருந்து வருவார் என்று சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் இப்படி யாருக்கும் தோன்றாமல் வந்தது எது என்று யோசியுங்கள், தடுப்பூசியாக இருக்கலாம், இதய அறுவை சிகிச்சையாக இருக்கலாம். ஆட்களைத்தான் கேட்க வேண்டும், பட்டியலில் தேடினால் கிடைக்காது.

2000 ஜனவரி 1-க்கு ஒரு தனி வரி. அந்தத் தேதியைத்தானே எல்லோரும் சுட்டிக்காட்டினார்கள். அன்று கன்னியாகுமரிக் கடலில் 133 அடி வள்ளுவர் சிலை திறந்தார்கள், கணபதி ஸ்தபதி செதுக்கிய கல். அன்று யார் எங்கே இருந்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும்.

பிள்ளைகள் எழுதும் பக்கம்

கடைசியாக, வீட்டுப் பிள்ளைகளை 2050-ஐ எழுதச் சொல்லுங்கள். அவர்கள் இப்போது ஓட்டுநர் இல்லாத கார், செயற்கை நுண்ணறிவு, செவ்வாயில் குடியேற்றம் என்று கேட்டு வளர்கிறார்கள். அதைக் குறைத்துப் பேச வேண்டாம், ஆசைப்படட்டும். ஆனால் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதற்குக் காசு யார் கொடுப்பார்? பழுதானால் நம் ஊரில் யார் சரிபார்ப்பார்? நம் தெருவில் முதலில் யாருக்கு வேண்டும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெருவில் இறங்கிக் கேட்டுவிட்டு வரட்டும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நடக்க முடியவில்லை, மாடிப்படி ஏற ஏதாவது வந்தால் நல்லது என்று ஒரு பிள்ளை எழுதிவந்தால், நமக்குக் காட்டிய அத்தனை படங்களையும் விட நல்ல எதிர்காலத்தை அது வரைந்திருக்கிறது என்றே சொல்வேன்.

நோட்டைப் பாதுகாப்பது

ஜெல் பேனாவில் எழுதாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் மை பரவிவிடும். சாதாரணப் பால்பாயிண்ட் நிற்கும், பென்சில் இன்னும் நன்றாக நிற்கும். கடை பில், ஏடிஎம் சீட்டு போன்றவற்றைச் சான்றாக ஒட்டினால் நகலெடுத்து ஒட்டுங்கள், அந்தத் தாளில் எழுத்து தானாகவே மங்கிப்போகும். பழைய கேசட் கிடைத்தால் உடனே போட்டுப் பார்க்காமல், பூசணம் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், பிடித்திருந்தால் தெரிந்த ஆளிடம் கொடுத்து மொபைலில் ஏற்றி வாங்குங்கள். நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இரண்டு மூன்று பேர் போனில் வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், போன் மாறும்போது தொலைந்துபோகும். கடற்கரை வீடானால் இரும்பு அலமாரி துருவேறும், மர அலமாரியின் மேல்தட்டில் துணியில் சுற்றி வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை தை மாத வெயில் நாளில் நிழலோரமாகக் காற்றாட விரியுங்கள். அட்டையின் உட்பக்கத்தில் எழுதிய எல்லோர் பெயரும், எழுதிய தேதியும், அடுத்து எந்த வருஷம் திறந்து பார்ப்பது, அன்று யார் எல்லோரையும் கூப்பிட வேண்டும் என்பதும் இருக்கட்டும்.